அண்ணாமலையாரை எழுதினால் கூலி வாங்கலாமா?

நினைத்தாலே முக்தி தரும் திருத்தலம் திருவண்ணாமலை. சரி... நினைத்ததை எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினால்? அது புண்ணியமா, பாவமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர், பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒரு சகோதரி. 'பேர் மட்டும் வேண்டாம்' என்று கேட்டுக் கொண்டதால் பெயரை விட்டு விடுகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். பத்திரிகைகளுக்கும், இப்போது இணையதளங்களுக்கும் கோயில் கட்டுரைகள் எழுதிக் கொடுக்கிறார். மாதச் சம்பளம் கிடையாது; கட்டுரைக்கு இவ்வளவு என்று கணக்கு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு பக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு இன்னொரு பக்கம். பௌர்ணமி என்றால் எழுத்துக்கு விடுமுறை. 14 கிலோமீட்டர் கிரிவலம் உண்டு. இதற்கெல்லாம் நடுவே, தனக்கே தனக்கென்று ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அது ஒரு நீள நோட்டில் 60 பக்கத்தோடு நிற்கிறது.

"மாமியார் ஒண்ணும் கெட்டவங்க இல்ல மேடம். ஆனா போன மாசம் செக் வந்தப்ப, 'சாமி பேரைச் சொல்லிக் காசு வாங்கறது வீட்டுக்கு ஆகாதும்மா. காசு வேணும்னா வேற ஏதாவது எழுது. சாமிக்குன்னா சும்மா எழுதிக் குடு'ன்னுட்டாங்க. அதுலேர்ந்து பேனாவை எடுத்தாலே கை கூசுது. அவங்க சொல்றது சரியா?"

மாமியார் சொன்னதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பூ கட்டுபவர் கூலி வாங்குகிறார். சிற்பி கூலி வாங்குகிறார். மடப்பள்ளியில் வேலை செய்பவருக்கும் சம்பளம் உண்டு. அவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால், எழுத்து என்று வந்தால் மட்டும் நமக்கு மனசு உறுத்துகிறது. காரணம் இருக்கிறது. பூவுக்குள் கட்டியவரின் மனசு இருந்தாக வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. பக்தியை எழுதுகிறவரின் பக்தி நிஜமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்கு விலை போட்டால் உள்ளே இருப்பது கலங்கிவிடுமோ என்று பயம். நியாயமான பயம்தான்.

ஆனால், நம் பெரியவர்களின் சரித்திரம் இந்த விஷயத்தில் அவ்வளவு கூச்சப்படவில்லை!

திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவீழிமிழலை. அப்பரும் திருஞானசம்பந்தரும் அங்கே தங்கியிருந்த சமயம், நாட்டில் கடும் பஞ்சம். அடியார்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்து இருவரும் கலங்க, ஈசன் கனவில் வந்து தினமும் ஆளுக்கு ஒரு பொற்காசு தருவதாக அருளினார். அப்படியே கோயிலில் படிக்காசு கிடைத்தது. அதைக் கொண்டு அரிசி பருப்பு வாங்கி இரண்டு மடங்களிலும் அடியார்களுக்கு அன்னம் இட்டார்கள். ஆனால், அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி நடக்க, சம்பந்தர் மடத்தில் மட்டும் சமையல் தாமதமாயிற்று. ஏன் என்று விசாரித்தால், கடைக்காரர்கள் அப்பரின் காசை அப்படியே வாங்கிக் கொள்கிறார்கள். சம்பந்தரின் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள். அதாவது, காசில் 'வாசி' இருக்கிறது, தரம் ஒரு மாற்றுக் குறைவு! அப்பர் உழவாரம் பிடித்து உடம்பால் உழைத்தவர். ஆகவே அவருக்கு முழுக் கூலி என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சம்பந்தர் சும்மா இருக்கவில்லை. குறையில்லாத காசைக் கொடு என்று இறைவனிடமே பாடிக் கேட்டு வாங்கினார்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லும் கதை இது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைத்தெரு ரொம்பப் பிடிக்கும். சாமி கொடுத்த காசு என்பதற்காக எந்தக் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை பாருங்கள்!

சுந்தரரோ இன்னும் ஒரு படி மேலே. பரவை நாச்சியாருக்குப் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டும் என்று ஊர் ஊராகப் பாடிக் கேட்டவர் அவர். திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில் கிடைத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயத்தில் எடுத்துக் கொண்டார். எடுத்தவுடன் முடிச்சில் கட்டிக் கொண்டாரா? இல்லை. உரைத்துப் பார்த்தார்! மாற்று உரைத்துச் சொன்ன பிள்ளையாரைத் திருவாரூரில் இன்றைக்கும் தரிசிக்கலாம். வீட்டுச் செலவுக்காகப் பாடினார் என்று சுந்தரரை யாராவது நாயன்மார் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்களா?

ஆகவே, காசு வாங்குவதைப் பற்றிய கேள்விக்கு நம் மரபில் பதில் சுலபமாகவே கிடைத்துவிடுகிறது. அந்தச் சகோதரியிடம் இதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால், உடனே அடுத்த கேள்வி வந்தது.

"காசை விடுங்க. கட்டுரைக்குக் கீழ என் பேரைப் பார்த்தா ஒரு சந்தோஷம் வருது பாருங்க... அது தப்புதானே? அம்மனைப் பத்தி எழுதிட்டு, எம் பேரைத்தானே முதல்ல தேடறேன்!"

இதைச் சொல்லும்போது சிரித்தார். ஆனால், இதுதான் அவரை உண்மையில் உறுத்துகிற இடம் என்று தோன்றியது.

பெயர் போடுவதில் தப்பில்லை என்பதற்கு ஆண்டாளே சாட்சி. மார்கழி முழுக்க நாம் பாடுகிற திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தில், அப்பாவின் பெயரையும் சேர்த்துத் தன் பெயரைப் பதித்து வைத்திருக்கிறாள் அந்தச் சிறுபெண். சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்லுவார். பெயர் வேண்டாம் என்பவர்களும் உண்டு. இதே திருவண்ணாமலையில் திருவெம்பாவை பாடியவர் மாணிக்கவாசகர். அவர் பாடப் பாட, அந்தணர் வடிவில் வந்த ஈசனே ஏட்டில் எழுதிக்கொண்டு, இது மாணிக்கவாசகன் சொல்ல எழுதியது என்று கையெழுத்துப் போட்டு தில்லையில் வைத்துவிட்டுப் போனதாக வரலாறு. பாடியவர் விட்ட பெயரைப் பகவான் எடுத்து எழுதினார்!

பெயர் இருக்கலாம். பெயர் ஆசை? அதற்கு இந்த ஊரில் வாழ்ந்த இரண்டு பேரைப் பார்க்க வேண்டும்.

ஒருவர் காவ்யகண்ட கணபதி முனிவர். ஆந்திர தேசத்தவர். 1900-ம் ஆண்டில் வங்காளத்து நவத்வீபத்தில் கூடிய பண்டிதர் சபையில், நின்ற இடத்திலேயே சம்ஸ்கிருதக் கவிதை பொழிந்து 'காவ்யகண்டர்' என்ற பட்டத்தை வென்றவர். குடும்பஸ்தர், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலையும் பார்த்தார். புகழை வெறுத்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அத்தனை மந்திர ஜபம் செய்தும் மனசு அடங்கவில்லை என்று 1907-ம் ஆண்டு கார்த்திகையில் விரூபாட்சி குகைக்கு ஏறிப்போய், அங்கே மௌனமாக இருந்த இளம் துறவியின் காலில் விழுந்தார். அதுவரை 'பிராமண சுவாமி' என்று அழைக்கப்பட்ட அவருக்கு 'பகவான் ஸ்ரீரமண மகரிஷி' என்று பெயர் சூட்டியவரே இவர்தான்.

நன்றிக் கடனாக, அம்பாள் மீது ஆயிரம் சுலோகங்கள் பாடுவது என்று சங்கல்பம் செய்து கொண்டார். அதுதான் 'உமா ஸஹஸ்ரம்'. இருபதே நாளில் முடிப்பேன் என்று ஊரறியக் கெடுவும் வைத்துவிட்டார். நடுவில் வலது கை விரலில் நகச்சுற்று! வலி தாங்காமல் எழுத்து தள்ளிக்கொண்டே போய், கடைசி இரவில் பார்த்தால் கால்வாசி பாக்கி. கெடுவுக்குள் எழுதி முடிக்கிற தவிப்பு எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஐந்து பேரை உட்கார வைத்து, மாற்றி மாற்றிச் சுலோகம் சொல்லிக்கொண்டே போனார் கணபதி முனிவர். பகவான் பின்னால் கண்மூடி அமர்ந்திருந்தார். எல்லாம் முடிந்து கண் திறந்த பகவான், நான் சொன்னதையெல்லாம் எழுதிக் கொண்டாயிற்றா என்று கேட்டதாகவும், அதைக் கேட்டு முனிவர் நெகிழ்ந்து விழுந்து வணங்கியதாகவும் அடியார்கள் சொல்வார்கள். அதன்பின், முந்தைய பகுதிகளைத் திரும்பத் திரும்பத் திருத்திச் செம்மைப்படுத்திய முனிவர், அந்தக் கடைசி இரவில் வந்த சுலோகங்களில் கை வைக்கவில்லையாம்.

பட்டம் வாங்கிய பண்டிதர்தான். அந்தப் பட்டத்தை அவர் தூக்கி எறியவும் இல்லை. ஆனால், தன் எழுத்தில் எது தன்னுடையது, எது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெயர் ஆசைக்கு இதைவிட நல்ல மருந்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொருவர் முருகனார். ராமநாதபுரத்துக்காரர். சுப்பிரமணியன் என்ற பெயரைத் தமிழ்ப் பற்றினால் முருகன் என்று மாற்றிக் கொண்ட புலவர். சென்னையில் பள்ளித் தமிழாசிரியர். 1923-ல் பகவானைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. கோயிலில் உட்கார்ந்து ஒரு பதிகம் எழுதி எடுத்துக் கொண்டு வந்தார். பகவான் முன்னால் நின்று அதைப் படிக்க ஆரம்பித்தவருக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. பகவானே அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். தான் எழுதியதைக் குருவின் குரலில் கேட்டவர் அவர். அதற்கு மேல் எந்தப் பத்திரிகையில் பெயர் வந்தால்தான் என்ன!

1926-ல் தாயார் காலமானபின் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டார். ஊருக்குள் பிட்சை எடுத்துச் சாப்பிட்டார். 'ரமண சந்நிதிமுறை', 'குருவாசகக் கோவை' எல்லாம் அவர் தந்தவை. பகவானின் 'உபதேச உந்தியார்', 'உள்ளது நாற்பது' இரண்டும் பிறந்ததற்குக் காரணமே முருகனாரின் வேண்டுகோள்கள்தான். 1973-ல் மறையும் வரை ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுதிக் கொண்டே இருந்தார். அச்சில் வருகிறதா என்று பார்க்கவில்லை. அவர் மறைந்த பிறகு, சேர்த்துத் தொகுத்தபோது அவை ஒன்பது தொகுதிகள் ஆயின.

படிக்கப் படிக்கப் புல்லரிக்கிறது. ஆனால், ஒரு பெண்ணாக எனக்கு ஒரு கேள்வி எழுவதையும் மறைக்கப் போவதில்லை. முருகனார் திருமணமானவர். அவர் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு வந்த அன்றைக்கு, வீட்டில் அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார்? அவரைப் பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுதுவது ஒரு பெரிய நிலைதான். ஆனால், மூன்று வேளையும் சோறு வடிக்கிற கைகளுக்கு, அதுதான் உயர்ந்த பக்தி, மற்றதெல்லாம் மட்டம் என்று சொல்லிக் கொடுத்தால் அது நியாயமில்லை. ஐந்து மணிக்குப் பால்காரர் வருவதற்குள் முக்கால் பக்கம் எழுதிவிட்டு எழுந்து போகிறவரை நான் குறைவாக எண்ண மாட்டேன்.

நம் காலத்திலும் ஒருவர் இருந்தார். எழுத்தாளர் பாலகுமாரன். டிராக்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எழுத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தியவர். வாரப் பத்திரிகையில் தொடர்கதை, மாத நாவல், 'நாயகன்' போன்ற படங்களுக்கு வசனம், சோழர் சரித்திரத்தை வைத்து 'உடையார்' என்று எழுதிக் குவித்தவர், 2018-ல் மறைந்தார். அவருடைய குரு, 1959-ல் இந்த ஊருக்கு வந்து, தன்னைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்டு, கையில் விசிறியோடு தேரடிப் பக்கம் திரிந்த யோகி ராம்சுரத்குமார். கூலிக்கு எழுதிய சீடர். கொட்டாங்கச்சி ஏந்திய குரு! சீடர் கடைசிவரை எழுதிக்கொண்டுதான் இருந்தார். அவ்வளவு வேகத்தில் எழுதியதில் எல்லாமே ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், எத்தனையோ வீடுகளில் பெண்கள் அவர் புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான் திருவண்ணாமலைக்கு முதல் முறை பஸ் ஏறினார்கள்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் அந்தச் சகோதரி மனசில் வைத்திருந்த மூன்றாவது விஷயம் வெளியே வந்தது.

ஓர் இடத்திலிருந்து அவருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கிரிவலத்தின்போது நடந்த அற்புதம் பற்றி. இவர் அக்கம்பக்கத்தில் கேட்டறிந்ததை, 'பெரியவர்கள் சொல்வார்கள்' என்று போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்துவிட்டது. 'உங்களுக்கே நடந்ததாக எழுதுங்கள். நிருதி லிங்கத்துக்கிட்ட ஒரு சித்தர் வந்தார், விபூதி கொடுத்தார், மறுநாளே கடன் தீர்ந்தது... அந்த மாதிரி. அப்பத்தான் படிப்பாங்க' என்றார்களாம். இவருக்கு மனசு வரவில்லை. எழுதவில்லை. அதன் பிறகு அங்கிருந்து வேலையும் வரவில்லை. மாதம் மூன்று கட்டுரைக் காசு போயிற்று. சின்னவனுடைய வேன் ஃபீஸ் அந்தக் காசில்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல விஷயத்துக்காக ஒரு பொய் சொன்னா என்ன மேடம்? நாலு பேரு கிரிவலம் வருவாங்கதானேன்னு கேக்கறாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல."

பதில் அந்த ஊரிலேயே இருக்கிறது. மூலவர் கருவறைக்கு நேர் பின்னால், மேற்குக் கோஷ்டத்தில் லிங்கோத்பவர். அவர் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். பிரம்மாவும் பெருமாளும் யார் பெரியவர் என்று போட்டியிட, ஈசன் அக்கினிப் பிழம்பாக ஓங்கி நின்று, அடியையும் முடியையும் கண்டு வரச் சொன்னார். பெருமாள் வராகமாகப் பூமியைக் குடைந்து போனார், காணவில்லை, காணவில்லை என்றே திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். பிரம்மா அன்னமாகப் பறந்தார். வழியில் ஈசனின் முடியிலிருந்து நழுவி விழுந்து கொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்துச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, 'முடியைக் கண்டேன்' என்றார்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பிரம்மா என்ன தெய்வ நிந்தனையா செய்தார்? ஈசனைப் பழித்தாரா? இல்லையே! ஈசனின் திருமுடியைத் தரிசித்தேன் என்றுதான் சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு பக்தியான வாக்கியம்! ஆனால், காணாததைக் கண்டேன் என்று சொன்னதற்காக, அவருக்குப் பூமியில் கோயிலில்லாமல் போனது. நாலு வேதமும் அறிந்தவர், சரஸ்வதியின் நாயகர், அவருக்கே விலக்கு இல்லை! சாட்சி சொன்ன தாழம்பூ, கூந்தலுக்கு ஆகும், பெட்டியில் துணிக்கு நடுவில் வாசனைக்கு ஆகும். சிவபூஜைக்கு மட்டும் ஆகாது என்று ஆயிற்று.

கவனித்தீர்களா... காணவில்லை என்று சொன்ன பெருமாளுக்கு ஈசன் கோபிக்கவில்லை. எனக்கு அனுபவம் இல்லை, பெரியவர்கள் சொல்லக் கேட்டேன் என்று எழுதினால், அண்ணாமலையாருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சம்பந்தரின் காசில் இருந்த வாசியைக் கடைத்தெருவே கண்டுபிடித்துவிட்டது. எழுத்தில் இருக்கிற வாசியைக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறவர்கள்தான் பாவம். கடன் தொல்லையில் தூக்கம் வராமல் கிடக்கும் ஒரு பெண், அந்தக் கட்டுரையை நம்பி, இருக்கிற காசைச் செலவு செய்து பௌர்ணமிக்கு வந்து, விபூதி கொடுக்கும் சித்தரைத் தேடிக்கொண்டே 14 கிலோமீட்டரும் நடப்பாள். யாரும் வராவிட்டால் தன் பக்தியில்தான் குறை என்று அழுதுகொண்டு ஊர் திரும்புவாள். அந்தக் கண்ணீருக்கு யார் கணக்கு எழுதுவது?

அந்தச் சகோதரியின் மாமியாரையும் பார்த்தேன். காபி கொடுத்தார். லிங்கோத்பவர் கதையை அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே நாலு தகவல் கூடுதலாகச் சொன்னார். மருமகள் ஒரு வேலையை விட்டுக்கொடுத்த விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேன் ஃபீஸை நான் என் பென்ஷன்ல குடுத்திருப்பேனே" என்றார்.

காசுக்குப் பாடுவது பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

விரூபாட்சி குகையில் பகவானோடு இருந்த சாதுக்கள், தினமும் ஊருக்குள் இறங்கிப் பிட்சை எடுத்து வருவார்கள். சங்கு ஊதி, ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வருவார்கள். பாட்டைக் கேட்டவுடன், 'ரமண சுவாமி ஆட்கள் வந்துவிட்டார்கள்' என்று பெண்கள் தாராளமாகச் சோறு போடுவார்கள். இதைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் அதே பாட்டைப் பாடி, அந்தச் சோற்றை முன்னாலேயே வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்! ஆகவே சாதுக்கள் பகவானிடம், எங்களுக்கென்று தனியாக ஒரு பாட்டு வேண்டும், அதைக் கேட்டால் எங்களை அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். முதலில் பேசாமல் இருந்தார் பகவான். பிறகு ஒருநாள் மலை சுற்றி வரும்போது கண்ணீர் பெருகப் பெருகப் பாடல்கள் வந்தன. அருணாசல அட்சரமணமாலை. 108 கண்ணிகள். சுமார் 1914-ம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. சோற்றுக்காகக் கேட்ட பாட்டு. அதிலும், போலிகளிடமிருந்து பிரித்துக் காட்டக் கேட்ட பாட்டு!

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி இரவு. ரமணாச்ரமத்தில் ஒரு சின்ன அறையில் பகவான் சாய்ந்திருக்க, வெளியே அடியார்கள் கூடியிருந்தார்கள். யாரோ அந்தப் பாட்டைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து கொண்டார்கள். மூடியிருந்த பகவானின் கண்கள் லேசாகத் திறந்தன. ஓரத்தில் நீர் வழிந்தது. மணி 8.47-க்கு மூச்சு அடங்கியது. வெளியே பாட்டு நின்றிருக்கவில்லை.